ஈஜோக்கில் நான்கு நாள்: ஒரு சீட்டின் கதை

முதல் நாள், இரவு 9.40

சுங்கை பூலோ நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது மணி ஒன்று. கோல சிலாங்கூர் போகும் பஸ் இப்போது வந்துவிடும் என்றார் பழம் விற்கும் அம்மாள். அவருடைய 'இப்போது' ஒன்றே முக்கால் மணி நேரம் நீண்டது. பக்கத்தில் நின்ற நேப்பாள இளைஞர் இரண்டு பொட்டலம் நாசி லெமாக்கை முடித்துவிட்டு மூன்றாவதை என்னிடம் நீட்டினார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்கு முதலில் பறந்தது கூச்சம்.

பேராக் மாநிலத்துத் தைப்பிங்கிலிருந்து இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன். முதல் பதில், பெஸ்தாரி ஜெயாவில் என் சின்னம்மா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, பால்மரம் (ரப்பர்) வெட்டிய கை, இப்போது முழங்கால் வலி. இரண்டாவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்: சிலாங்கூர் மாநிலத்து ஈஜோக் சட்டமன்றத் தொகுதியைப் பார்க்க வந்தேன். மலையைப் பார்க்க, கடலைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கும்போது தொகுதியைப் பார்க்க ஒருத்தி போகக்கூடாதா? நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் வாக்களிப்பு மைய வேலைக்கு ஆசிரியர்களைத்தான் பிடித்துப் போடுவார்கள். ஐந்து தேர்தல்களில், வருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் உரக்க வாசிக்கும் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறேன். அன்று பிடித்த பைத்தியம், இன்றும் முடிவுப் பட்டியல்களை நாவல் படிப்பது போலப் படிக்கிறேன்.

பஸ் ஐம்பத்து நான்காம் எண் கூட்டரசுச் சாலையில் ஓடியது. பாயா ஜாராஸ், சௌஜானா உத்தாமா என்று வீடமைப்புப் பகுதிகள் முடிந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) தொடங்கும் இடம் எப்போதும் எனக்குத் தூக்கம் வரும் இடம். இன்று விழித்திருந்தேன். 2011இல் லாத்தார் விரைவுச்சாலை திறந்த பிறகு அவசரக்காரர்கள் டோல் கட்டிப் பறந்துவிடுகிறார்கள். பழைய சாலையில் குலை ஏற்றிய லாரிகளும் நாங்களும்தான். ஈஜோக் பட்டணம் ஒரு வரிசைக் கடைகள், ஒரு சந்திப்பு, விளக்குக் கம்பங்கள். அந்தக் கம்பங்களைப் பற்றி நாளை எழுதுகிறேன். அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று சின்னம்மா சொல்கிறார்.

சந்திப்பில் வலப்புறம் திரும்பிப் போனால் பெஸ்தாரி ஜெயா. சின்னம்மாவுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். 2007இல் பெயரை மாற்றினார்கள். பழைய பெயருக்கு மலாயில் 'தொங்கும் கழி' என்று பொருள் வரும். கல்யாணப் பத்திரிகையில் ஊர் பெயரைப் படித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பொத்திச் சிரித்த கதைகள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு உண்டு. பல்கலைக்கழக வளாகம் இருக்கும் ஊருக்கு அப்படி ஒரு பெயர் ஆகாது என்று நினைத்தார்களோ என்னவோ. சின்னம்மா சொன்னார்: "பெயரைப் போட்டவனுக்கும் கூச்சம் இல்லை, இருந்தவர்களுக்கும் கூச்சம் இல்லை. வந்தவர்களுக்குத்தான் கூச்சம்."

தூக்கம் வருகிறது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்கிறது.

இரண்டாம் நாள், பிற்பகல் 3.15

காலையில் ஒட்டுக்கடைக்குப் போனேன். ரொட்டி சானாய், தே தாரேக். கூரைக் குறுக்குக் கம்பியில் நீல நிறக் குடை ஒன்று தலைகீழாகத் தொங்கியது. துணி வெளுத்து வானத்தின் நிறம் ஆகிவிட்டது. ஆனால் நடுவில், அன்று ஆளும் கூட்டணியாக இருந்த தேசிய முன்னணியின் தராசுச் சின்னம் மட்டும் தெரிந்தது. கடைக்காரர் அதைக் கழற்றுவதும் இல்லை, விரிப்பதும் இல்லை. "2007இல் கொடுத்தார்கள். நல்ல குடை. கம்பி ஒன்றுகூட இதுவரை போகவில்லை" என்றார்.

அந்தக் குடையின் கீழ்தான் நான் தேடி வந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். முன்பு ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளைச் செயலாளராக இருந்தவர். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. அண்ணன் என்றே அழைத்தேன்.

"நம் சீட்டு டீச்சர் இது. நம் சீட்டு" என்று தொடங்கினார்.

இந்த 'நம் சீட்டு' என்ற சொல்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈஜோக், சிலாங்கூர் சட்டமன்றத்தின் 56 தொகுதிகளில் பதினோராம் எண். கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் புக்கிட் மெலாவத்தி, ஜெராம் ஆகியவற்றோடு அடங்கியிருக்கிறது. 2007இல் இங்கே பதிவு பெற்ற வாக்காளர்கள் 12,272 பேர். பாதிக்குச் சற்றே மேல் மலாய்க்காரர்கள், கால் பங்குக்கு மேல் இந்தியர்கள், ஐந்தில் ஒரு பங்கு சீனர்கள். நான்கில் ஒருவரைச் சற்றே தாண்டிய கூட்டத்துக்கு ஒரு தொகுதி எப்படி 'நம்' தொகுதி ஆகும்? ஓட்டுக் கணக்கில் ஆகாது. தேசிய முன்னணிக்குள் நடக்கும் தொகுதிப் பங்கீட்டில் ஆகும். கூட்டணியின் மலாய்க்காரர் கட்சியான அம்னோ விட்டுக்கொடுக்க, ம.இ.கா. வேட்பாளர் தராசுச் சின்னத்தில் நிற்பார். மலாய்க்காரர் தராசைப் பார்த்துப் போடுவார், தோட்டத்துத் தமிழர் வேட்பாளரையும் தராசையும் சேர்த்துப் பார்த்துப் போடுவார். இரண்டும் கூடினால் வெற்றி. ஆகவே சீட்டு நம்முடையது என்றால் சாவி இன்னொருவர் இடுப்பில் இருக்கும் வீடு நம்முடையது என்பது போலத்தான். இதை அண்ணனிடமே சொன்னேன். தே தாரேக்கை ஒரு மிடறு குடித்துவிட்டு, "சாவி யார் இடுப்பில் இருந்தால் என்ன டீச்சர், கதவு திறந்ததே" என்றார். பதிலில்லாமல் ரொட்டியைப் பிய்த்தேன்.

2004 தேர்தலில் ம.இ.கா.வின் டத்தோ கே. சிவலிங்கம் 1,649 ஓட்டுப் பெரும்பான்மையில் வென்றார். மாநில ஆட்சிக்குழு உறுப்பினராகவும் இருந்தார். அந்த ஆண்டு சிலாங்கூரில் தேசிய முன்னணி 56இல் 54 இடங்களை வாரிக்கொண்டது. எதிர்க்கட்சிக்கு இரண்டு, இரண்டுமே ராக்கெட் சின்னத்து ஜனநாயக செயல் கட்சிக்கு. அவ்வளவு அமைதியான மாநிலத்தில் ஈஜோக்கைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? 2007 ஏப்ரல் தொடக்கத்தில் சிவலிங்கம் இறந்தார். ஏப்ரல் 19இல் வேட்புமனு, 28இல் வாக்களிப்பு. நடுவில் ஒன்பது நாள். நாடே இந்தக் கடைத்தெருவில் வந்து நின்றது.

ம.இ.கா. சார்பில் கே. பார்த்திபன். எதிரே எதிர்க்கட்சியான பி.கே.ஆர். நிறுத்தியவர் டான்ஸ்ரீ அப்துல் காலிட் இப்ராகிம். காலிட் யார் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கத்ரி தோட்ட நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரியின் பங்குகளை வாங்கிக் குவித்து, வெள்ளைக்காரன் கம்பெனியை மலேசியாவின் கைக்கு மாற்றினார்களே, அந்தக் காரியத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. துரைக்கெல்லாம் துரையாக இருந்த ஒருவர் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வந்து கைகூப்பி ஓட்டுக் கேட்கிறார் என்றால் எப்படி இருந்திருக்கும்?

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"வெயிலாக இருந்தது" என்றார் அண்ணன். "அவர் நன்றாக வியர்த்தார். நாங்கள் குடை கொடுத்தோம்." கேலியா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.

துணைப் பிரதமராக இருந்த நஜிப் வந்தார். மாநில முதல்வரான மந்திரி பெசார் கீர் தோயோ வந்தார். அந்தப் பக்கம் பி.கே.ஆரின் அன்வார் இரவு தோறும் பேசினார். அப்போது அன்வாரால் தேர்தலில் நிற்க முடியாது, அவருக்கிருந்த தடை 2008 ஏப்ரலில்தான் முடிந்தது. அவருடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர், அவர் மனைவி வான் அஸிஸா. ஆகவே ஈஜோக் அவர்களுக்கு மானப் பிரச்சினை.

விளக்குக் கம்பத்துக்கு வருகிறேன். சின்னம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "எட்டு வருடம் கேட்ட தார் எட்டு நாளில் வந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு ரோலர் ஓடியது, தூங்க முடியவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் விளக்கு. அணைக்கத்தான் ஆள் இல்லை, பகலெல்லாம் எரிந்தது." இடைத்தேர்தல் பார்த்த எந்த மலேசியரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார். ஓர் உறுப்பினர் இறந்தால்தான் ஊருக்கு ரோடு வரும் என்று நாங்கள் பேராக்கிலும் சொல்வது உண்டு. சொல்லக்கூடாத பேச்சுதான்.

முடிவு: பார்த்திபன் 5,884, காலிட் 4,034. வித்தியாசம் 1,850. சிவலிங்கத்தின் பெரும்பான்மையைவிட இருநூறு கூடுதல். ஆரவாரம், வாணவேடிக்கை, ஊர் முழுக்கத் தராசு. இவ்வளவு பாடுபட்டு இருநூறுதானா என்று அன்றே ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பாரம் 14. எண்ணிக்கை முடிந்ததும் ஒவ்வொரு சாலுரானிலும் (மையத்துக்குள் வாக்களிக்கும் அறை) அதிகாரி நிரப்பி, முகவர்கள் கையெழுத்திட்டு, நகல் வாங்கிக்கொள்ளும் தாள். எத்தனை ஓட்டுச்சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தது, எத்தனை செல்லாதது, யாருக்கு எத்தனை எல்லாம் அதில் இருக்கும். என் வாழ்நாளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் இதன் பின்பக்கம்தான் என்னை நிறுத்தியது. பென்சிலில் நான்கு நேர்கோடு, ஐந்தாவது குறுக்கே. அப்படிக் கட்டுக் கட்டாக இரண்டு பத்தி. அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்துக் காட்டும்போது முகவர் தன் கணக்குக்குப் போடும் கோடுகள். இடது பத்தியில் கோடுகள் நிதானமாக, செங்குத்தாக இருந்தன. வலது பத்தியில் பாதிக்குமேல் கை நடுங்கியிருந்தது. ஓரிடத்தில் குறுக்குக் கோடு போட மறந்து, ஐந்து நேர்கோடும் தனித்தனியே நின்றன. வலது பத்தி யாருடையது என்று நான் கேட்கவில்லை. எண்களை இங்கே போடவேண்டாம் என்றார், போடவில்லை.

"ஜெயித்த ராத்திரிதானே?" என்று மட்டும் கேட்டேன்.

"ஜெயித்த ராத்திரிதான். பயந்ததும் அந்த ராத்திரிதான்" என்றார்.

தாளில் வட்டமாகக் காப்பிக் கறை. அது எந்த ஆண்டுக் கறையோ.

இரண்டாம் நாள், இரவு, தொடர்ச்சி

மதியம் எழுதியதைப் படித்துவிட்டுத் தோழி கேட்டாள், பிறகு என்ன ஆயிற்று என்று. அவளுக்காக.

2007 நவம்பர் 25இல் இந்து உரிமைக்காக எழுந்த இண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள், கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. பத்தாங்கிலிருந்தும் போனார்கள். சின்னம்மாவின் மகன், என் தம்பி முறை, இரண்டு நாள் கழித்துக் கண் சிவந்து வந்தான். அம்மாவிடம் பட்டறைப் புகை என்று சொன்னானாம்.

2008 மார்ச் 8இல் பொதுத் தேர்தல். இடைத்தேர்தலுக்கும் அதற்கும் பதினொரு மாதம்கூட முழுதாக இல்லை. அதே ஈஜோக்கில் காலிட் வென்றார். சிலாங்கூரில் எதிரணிக்கு 36, தேசிய முன்னணிக்கு 20. அந்த 20இல் ம.இ.கா.வுக்கு ஒன்றுகூட இல்லை. 1,850இல் தோற்ற மனிதர் ஓராண்டுக்குள் திரும்பி வந்து இந்தச் செம்பனைத் தொகுதியின் உறுப்பினராக மந்திரி பெசார் நாற்காலியில் உட்கார்ந்தார். தோட்ட மேலிடத்தில் இருந்தவருக்குத் தோட்டம் ஓட்டுப் போட்டதை நான் முரண் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சின்னம்மா ஒரே வரியில் அதைக் கலைத்துவிட்டார்: "கணக்குத் தெரிந்த ஆள் என்றார்கள். நமக்கு அதுவரை வந்தவர்களெல்லாம் பேசத் தெரிந்த ஆட்கள்."

கணக்குத் தெரிந்த ஆள் முதலில் செய்தவற்றுள் ஒன்று, மாதம் இருபது கன மீட்டர் தண்ணீர் இலவசம். சிலாங்கூர், கோலாலம்பூர் குழாய்களுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்று நீர். அதை எடுத்துச் சுத்திகரிக்கும் ஆலைகள் இந்தப் பத்தாங், புக்கிட் பாடோங் பக்கம்தான் இருக்கின்றன. தன் ஊரைத் தாண்டிப் போகும் தண்ணீருக்குத் தன் வீட்டுப் பில்லில் சுழியம் வந்ததைச் சின்னம்மா ஒரு வருடம் யாரைப் பார்த்தாலும் காட்டியிருக்கிறார்.

2013இல் காலிட் பெலாபுஹான் கிள்ளான் தொகுதிக்குப் போய்விட்டார். மறு ஆண்டு தன் கட்சியாலேயே நீக்கப்பட்டுப் பதவியையும் இழந்தது தனிக்கதை. 2022இல் மறைந்தார். ஈஜோக்கில் 2013, 2018 இரண்டிலும் பி.கே.ஆரின் இட்ரிஸ் அகமட். 2023இல் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் ஜெஃப்ரி மெஜான். ஆக, பார்த்திபனுக்குப் பிறகு இங்கே தமிழர் யாரும் உறுப்பினராக இல்லை.

மூன்றாம் நாள், மாலை 6

அம்மா பிறந்த தோட்டத்துக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரரின் கார், முன் இருக்கையில் சின்னம்மா, மடியில் வெற்றிலைப் பை. வாசலில் காவலர் ஐ.சி. (அடையாள அட்டை) வாங்கி எழுதிக்கொண்டு, என்ன வேலை என்று கேட்டார். "பிறந்த வீடு" என்றார் சின்னம்மா மலாயில். காவலர் பேனாவை வைத்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இருந்த இடத்தில் உர மூட்டைக் கொட்டகை. ஆனால் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் இருக்கிறது. விடியற்காலையில் ஆள் கூப்பிட இரும்புக் கம்பியால் அடிப்பார்களே, அது. கையளவு நீளம் அடிபட்டு அடிபட்டுப் பளபளவென்று குழிந்திருந்தது. சின்னம்மா விரலால் தடவிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டார். யாரும் அடிக்கவில்லை.

லயம் ஆறு கதவு. நான்கில் வங்காளதேசத்துப் பையன்கள், ஒன்றில் இந்தோனேசியக் குடும்பம், ஒன்று பூட்டு. பையன் ஒருவன் சின்னம்மாவுக்கு நாற்காலி போட்டான். அவர் பிறந்த அறையில் இப்போது சைக்கிளும் அரிசி மூட்டையும். மாரியம்மன் கோயில் மட்டும் புது வண்ணத்தில் இருந்தது. திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் வருகிறார்களாம். அம்மன் மட்டும் இடம் மாறவில்லை.

ஓட்டுப் போடும் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். விடியற்காலைப் பால்வெட்டைச் சீக்கிரம் முடித்து, குளித்து, திருவிழாச் சேலை உடுத்தி, லாரியில் ஏறுவார்களாம். கிராணி (தோட்டக் கணக்கர்) பட்டியலோடு நிற்பார். மண்டோர் (கங்காணி) எந்தச் சின்னம் என்று சொல்லமாட்டார், சந்தையில் நிற்கிறவர் போல இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவார். தராசு! சின்னம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை நடித்துக் காட்டினார், அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு தோட்டத்துக்கு ஒரு பெட்டி என்பதால் யார் மாற்றிப் போட்டார்கள் என்று மறுநாளே பெரட்டில் பேச்சு வரும்.

எல்லோருக்கும் ஓட்டு இருந்ததா என்றால் இல்லை. சின்னம்மாவின் மாமனார் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டையோடு செத்தார். 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னபோது, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி இருந்த தோட்டத்தார் போட்டார்கள், மற்றவர்கள் நாளைக்கு என்றார்கள். 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் வந்ததும் அந்த நாளை முடிந்துபோயிற்று. கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்களின் பெயர்களைச் சின்னம்மா கதவு வாரியாகச் சொன்னார். மூன்றாம் கதவு, ஐந்தாம் கதவு. அந்த லாரி நாட்களில் மாமனார் லயத் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாராம்.

அண்ணன் 'நம் சீட்டு' என்று சொல்லும்போது என் மனத்தில் இருந்த படம் இந்தத் தோட்டம். கூட்டமாக ஓர் இடத்தில் இருக்கிறவர்கள், ஒரே பெட்டியில் போடுகிறவர்கள், அதைக் காட்டிக் கூட்டணியில் இடம் கேட்கிறவர்கள். இன்று லயத்தில் இருக்கிறவர்களுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கிறவர்கள் லயத்தில் இல்லை. மலிவு விலை வீடமைப்புத் தாமான்களில், பூச்சோங் அடுக்குமாடிகளில், ரவாங் தொழிற்சாலைப் பக்கம் சிதறிக் கிடக்கிறார்கள். ம.இ.கா. இழந்தது 2008இல் என்று பட்டியல் சொல்லும். நான் சொல்வேன், பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட அன்றே இழக்கத் தொடங்கிவிட்டது. தலைவர்கள் யார், பேசியது என்ன என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அண்ணன் இதை ஒப்புக்கொள்ளமாட்டார், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

திரும்பும்போது முன்னாள் தோட்டப் பள்ளியைத் தேடினோம். அஸ்திவாரக் கல் வரிசை மட்டும். நடுவில் ஒரு பப்பாளி.

நான்காம் நாள், காலை 11

இன்று புறப்பாடு. சின்னம்மாவின் பேரன் பூச்சோங்கிலிருந்து காரோடு வந்திருக்கிறான், சுங்கை பூலோவில் விடுகிறேன் என்றான். பஸ்ஸை நினைத்து உடனே ஒப்புக்கொண்டேன். அவனும் அவன் அப்பாவும் பூச்சோங்கில் இருந்தாலும் ஐ.சி. முகவரி இன்னும் இந்த வீடுதான். தேர்தலுக்குத் தீபாவளி போல ஊருக்கு வருகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 12 அவனுக்கு முதல் சட்டமன்றத் தேர்தல், வயது பத்தொன்பது. 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. மனுப் போடவேண்டாம், கிராணி வேண்டாம். மாமனாரின் கதையைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

"அந்த ஓட்டில் பாட்டி ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை அத்தை" என்றான். ஏன் என்றால், ஓட்டுச்சீட்டில் தராசைத் தேடியிருக்கிறார். இல்லை. அந்த ஆண்டு அம்னோவும், பி.கே.ஆர். இருக்கும் ஹராப்பான் கூட்டணியும் ஒரே அணி. ம.இ.கா. எந்த இடத்திலும் நிற்கவில்லை. சரி, கண்ணைத் தேடியிருக்கிறார். 2007 முதல் 2018 வரை இங்கே இருந்த பி.கே.ஆர். கண். அதுவும் இல்லை, சிவப்பில் ஹராப்பான் என்று புதுச் சின்னம். வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு சட்டமன்ற ஓட்டில் இருந்த இரண்டு பழக்கமும் போயிற்று. எத்தனை வேட்பாளர் மேடையேறினாலும் சின்னத்தை மாற்றினால் பாட்டியிடம் வந்து சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"யாருக்குப் போட்டீர்கள் சின்னம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை, வெற்றிலை.

"அண்ணன் வருத்தப்படுகிறார், நம் சீட்டு போய்விட்டது என்று" என்றேன், பையை மூடிக்கொண்டே.

"சீட்டா? எங்கே போயிற்று?" என்று எழுந்து உள்ளே போனார். சாமி மேடைக்குக் கீழேயிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். உள்ளே சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள், ரப்பர் வளையம் போட்டு. வாக்களிப்பு மையத்துக்குப் போகும் வழியில் கட்சிக்காரர்கள் பொண்டோக் (குடில்) போட்டு உட்கார்ந்து, வாக்காளர் எண்ணும் சாலுரான் எண்ணும் எழுதிக் கொடுத்த சீட்டுகள். தராசு அச்சடித்தது நான்கு, கண் அச்சடித்தது மூன்று, ஒன்றும் இல்லாத வெள்ளைத் தாள் இரண்டு. சின்னத்தை வைத்து ஓட்டைக் கணக்கிட முயன்ற என்னைப் பார்த்துச் சின்னம்மா சொன்னார்: "எந்தப் பொண்டோக்கில் நிழல் இருந்ததோ அங்கே வாங்கினேன்."

என் பழைய வேலைக் கண் சாலுரான் எண்ணுக்குப் போயிற்று. வயதில் மூத்தவர்கள் முதல் சாலுரான், இளையவர்கள் கடைசி. அப்படித்தான் பிரிப்பார்கள். அடியில் இருந்த சீட்டில் நான்கு. அதற்கு மேல் மூன்று. தராசுச் சீட்டு ஒன்றில் மூன்று, கண் சீட்டில் இரண்டு, இன்னொன்றிலும் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வெள்ளைத் துண்டில், நீல மையில், ஒன்று.

பேரன் கீழே ஹாரன் அடித்தான். சின்னம்மா சீட்டுகளை அதே வரிசையில் அடுக்கி, ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுப் போட்டு டின்னை மூடினார். பிறகு என் பையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்து, நேப்பாளத்துப் பையன் மறுபடி நின்றால் அவனுக்கும் கொடு என்றார்.